எம்.ஆர்.ஐ. எடுத்தால் காது இரைச்சல் மூளையில் தெரியுமா?

கேட்டவரின் கேள்வி இது: "எனக்குக் காது கொஞ்சம் மந்தம். இரவு பகலாக உள்ளே 'ஙொய்' என்று ஓர் இரைச்சல். எம்.ஆர்.ஐ. எடுத்தேன், மூளையில் எல்லாம் இயல்பு என்று அறிக்கை வந்துவிட்டது. அப்படியானால் இந்தச் சத்தம் எங்கேதான் இருக்கிறது?"

நீங்கள் எடுத்த ஸ்கேன் அந்தச் சத்தத்தைத் தேடவே இல்லை. மருத்துவர் எழுதிக் கொடுக்கும் எம்.ஆர்.ஐ. மூளையின் அமைப்பைப் படம் பிடிக்கிறது. செவி நரம்பில் கட்டி ஏதும் வளர்ந்திருக்கிறதா என்று பார்ப்பதுதான் அதன் முதல் வேலை. இரைச்சலோ நரம்பணுக்களின் இயக்கத்தில் இருக்கிறது. "இயல்பு" என்ற அறிக்கைக்குப் பயப்படும்படியான கட்டி இல்லை என்று பொருள். சத்தம் உங்கள் கற்பனை என்று அதில் எந்த வரியும் சொல்லவில்லை. வீட்டில் யாராவது அந்தத் தாளைக் காட்டி "உனக்கு ஒன்றுமில்லையாம்" என்றால், இதைச் சொல்லுங்கள்.

எனக்கும் இந்த இரண்டும் பல வருடங்களாக உண்டு. என் ஆடியோகிராமில், அதாவது எந்தச் சுருதி எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் வரைபடத்தில், 2000 ஹெர்ட்ஸ் (சுருதியின் அலகு) வரை கோடு ஏறக்குறைய சமமாகப் போகும். அதற்கு மேல் சரசரவென்று கீழே இறங்கிவிடும்; கோடு இறங்கினால் காது மந்தம் என்று பொருள். ஒருமுறை செவித்திறனைச் சோதிக்கும் ஆடியாலஜிஸ்ட் ஹெட்போனை மாட்டிவிட்டு, ஒவ்வொரு சுருதியாக ஒலிக்கவிட்டு, "இதுவா? இதைவிடக் கீச்சென்று இருக்கிறதா?" என்று கேட்டுக்கொண்டே போனார். கடைசியில் 6000 ஹெர்ட்ஸ் பக்கம் வந்து நின்றோம். கோடு இறங்கிக் கிடக்கும் அதே இடம்! இது எனக்கு மட்டும் நேர்ந்த தற்செயல் இல்லை; பெரும்பாலும் எந்தச் சுருதிகள் சரியாகக் கேட்பதில்லையோ அந்த வட்டாரத்தில்தான் இரைச்சலும் இருக்கும். அதன் உரப்பையும் அளந்தார். ஊரையே எழுப்பும் என்று நான் நினைத்திருந்த சத்தம், என் காதுக்குக் கேட்கத் தொடங்கும் அளவைவிடச் சில டெசிபெல்தான் அதிகம். அன்றிலிருந்துதான் இது தொடர்பான மூளைப் பட ஆய்வுகளைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். நான் மருத்துவன் இல்லை என்பதை மனத்தில் வைத்து மேலே படியுங்கள்.

உள்காதில் ஒலியை நரம்புச் சைகையாக மாற்றும் மயிர்ச்செல்களோ அவற்றிலிருந்து செல்லும் நரம்பு இணைப்புகளோ பழுதானால், மூளைக்குப் போகும் தகவல் குறைகிறது. அதை ஈடுகட்ட மூளையின் கேட்டல் பாதை தன் உணர்திறனைக் கூட்டிக்கொள்கிறது என்பது இன்று பரவலாக ஏற்கப்படும் விளக்கம். நிலையம் சரியாகக் கிடைக்காதபோது வானொலியின் ஒலியைக் கூட்டினால் பாட்டைவிடக் கரகரப்புதான் பெரிதாகும், அதைப்போல. செவி நரம்புக் கட்டிக்காக அறுவை சிகிச்சை செய்து அந்த நரம்பையே துண்டித்த பிறகும் பலருக்கு இரைச்சல் நிற்பதில்லை என்பது பழைய மருத்துவ அனுபவம். தொடங்கி வைப்பது காது. விடாமல் நடத்துவது மூளை.

சரி, மூளையின் இயக்கத்தைப் படம் பிடிக்கும் கருவிகள்தான் இருக்கின்றனவே என்று கேட்பீர்கள். அங்கேதான் சிக்கலே. செயல்பாட்டு எம்.ஆர்.ஐ. எதையும் நேரடியாக அளப்பதில்லை; இரண்டு நிலைகளுக்கு இடையே ரத்தத்தின் ஆக்சிஜன் அளவில் வரும் வித்தியாசத்தைத்தான் காட்டும். கையை அசைக்கும்போது ஒரு படம், அசைக்காதபோது ஒரு படம், இரண்டையும் கழித்தால் விடை. ஆனால் நம் இரைச்சலை எப்படி அணைப்பது? அணைந்த நிலை என்று ஒன்று இல்லாவிட்டால் எதிலிருந்து எதைக் கழிப்பது?

1998இல் வெளியான லாக்வுட் குழுவினரின் ஆய்வு இதற்கு ஒரு வழி கண்டது. தாடையையும் முகத்தையும் அசைத்துத் தங்கள் இரைச்சலைக் கூட்டவோ குறைக்கவோ முடிந்த நான்கு பேரைத் தேடிப் பிடித்து, பெட் ஸ்கேனில் (சிறிதளவு கதிரியக்கப் பொருளைச் செலுத்திப் படம் எடுக்கும் முறை) ரத்த ஓட்டத்தை அளந்தார்கள். (பல்லைக் கடித்துப் பாருங்கள், உங்களுக்கும் சத்தம் மாறலாம், பலருக்கு மாறும்.) ஒரு காதில் வெளியிலிருந்து ஒலியைச் செலுத்தினால் மூளையின் இரு பக்கமும் விழித்துக்கொண்டது. இரைச்சல் கூடிக் குறைந்தபோதோ, அது கேட்கும் காதுக்கு எதிர்ப்பக்கத்துச் செவிப்புறணியில், அதாவது ஒலியை உணரும் மூளையின் மேற்பரப்புப் பகுதியில், மட்டும் மாற்றம் தெரிந்தது. உள்காதிலிருந்து வரும் ஒலியாக இருந்தால் இரு பக்கமும் தெரிந்திருக்க வேண்டும். ஆக, அவர்கள் கேட்டது காதுக்கு அப்பால் பிறந்த சத்தம். நான்கே பேர்தான், ஆனாலும் இவ்வளவு நேர்த்தியான சோதனையை நான் அதிகம் படித்ததில்லை.

இன்னொரு தொல்லை, கருவியே போடும் கூச்சல். எம்.ஆர்.ஐ.க்குள் படுத்தவர்களுக்குத் தெரியும், தகரத்தைச் சம்மட்டியால் அடிப்பதுபோல் தலைக்கு மேல் இடைவிடாத இடி. 100 டெசிபெலைத் தாண்டுவது சாதாரணம். காதுக்குள் இருக்கும் மெல்லிய ரீங்காரத்தைத் தேட இப்படியொரு இயந்திரம்! ரத்த ஓட்டம் நரம்பணுக்களின் இயக்கத்துக்குச் சில விநாடி பின்தங்கி வருவது இங்கே கைகொடுக்கிறது. கருவியை நிறுத்தி வைத்து, அமைதியில் ஒலியைக் கேட்கவைத்து, அதன் விளைவு ரத்தத்தில் தெரியும் நேரம் பார்த்துப் படம் எடுக்கிறார்கள்.

இதையெல்லாம் விடப் பெரிய சிக்கல், யாரை யாரோடு ஒப்பிடுவது என்பது. இரைச்சல் உள்ளவரை நன்றாகக் காது கேட்பவரோடு ஒப்பிட்டால் வித்தியாசம் தெரியத்தான் செய்யும். அது இரைச்சலால் வந்ததா, காது மந்தத்தால் வந்ததா? 1998இல் ஜெர்மனியில், மூளையின் காந்தப்புலத்தை அளந்து நடத்திய ஓர் ஆய்வு, செவிப்புறணியில் சுருதிகள் வரிசையாக அமர்ந்திருக்கும் வரைபடம் இரைச்சல் உள்ளவர்களிடம் இடம்பெயர்ந்திருக்கிறது என்றது. பல வருடங்கள் இதுவே பாடமாக இருந்தது. 2012இல் நெதர்லாந்தின் லாங்கர்ஸ் குழு, ஏறக்குறைய இயல்பான செவித்திறனோடு இரைச்சலும் உள்ளவர்களை எடுத்துப் பார்த்தது. வரைபடம் அப்படியே இருந்தது. இரைச்சலுக்கு அந்த இடப்பெயர்ச்சி அவசியமே இல்லை என்றாகிவிட்டது.

அதனால்தான் மூன்று குழுக்கள் வேண்டும் என்கிறேன்: மந்தமும் இரைச்சலும் உள்ளவர்கள், மந்தம் மட்டும் உள்ளவர்கள், இரண்டும் இல்லாதவர்கள். இல்லினாய் பல்கலைக்கழகத்தின் ஃபாத்திமா ஹுசைன் குழுவினர் 2011இல் வெளியிட்ட ஆய்வில் இப்படித்தான் பிரித்தார்கள். மூளையின் சாம்பல் நிறப் பகுதியிலும் வெள்ளைப் பகுதியிலும் தெரிந்த மாற்றங்களுக்கு இரைச்சலைவிடக் காது மந்தமே பெரிய காரணமாக இருந்தது. இனி "காது இரைச்சல் மூளையைச் சுருக்குகிறது" என்று ஒரு செய்தி கண்ணில் பட்டால், நடுவில் உள்ள அந்த இரண்டாவது குழு ஆய்வில் இருந்ததா என்று மட்டும் பாருங்கள். பாதிச் செய்திகளை அங்கேயே தள்ளிவிடலாம்.

செவிப்புறணியை விட்டு வெளியே வந்தால் கதை இன்னும் சுவையானது. உணர்ச்சி, கவனம், நினைவு தொடர்பான பகுதிகளும் பல ஆய்வுகளில் தலைகாட்டுகின்றன. ஒரே அளவு இரைச்சலோடு ஒருவர் நிம்மதியாகத் தூங்குகிறார், இன்னொருவர் பித்துப் பிடித்தவர்போல் அலைகிறார் என்றால், வேறுபாட்டை இந்தப் பகுதிகளில்தான் தேடுகிறார்கள். 2015இல் வெளியான ஒரு பதிவு இதில் தனித்து நிற்கிறது. வலிப்பு நோய் அறுவை சிகிச்சைக்காக மூளைக்குள் மின்முனைகள் பொருத்தப்பட்டிருந்த ஒருவருக்குக் காது இரைச்சலும் இருந்தது. வெளியிலிருந்து ஒரு சத்தத்தைக் கேட்கவைத்து நிறுத்தினால் அவருடைய இரைச்சல் கொஞ்ச நேரம் அடங்கும். அந்த இடைவெளியில் மூளை அலைகள் எங்கெங்கே மாறுகின்றன என்று பார்த்தார்கள். செவிப்புறணியோடு நிற்காமல் மாற்றம் வெகுதூரம் பரவியிருந்தது. பொத்தானைப்போல் அழுத்தி நிறுத்த ஒற்றை இடம் கிடைக்காததில் ஆச்சரியமில்லை.

இவை பெரும்பாலும் பலரின் படங்களைச் சேர்த்துச் சராசரி எடுத்துக் கண்ட முடிவுகள். தனி ஒருவரின் ஸ்கேனைப் பார்த்து "இவருக்கு இரைச்சல் உண்டு" என்று சொல்ல இன்று யாராலும் முடியாது. வண்ணப்படத்தைக் காட்டி "உங்கள் மூளையில் இரைச்சல் இருக்கும் இடம் இதுதான், இதைச் சரிசெய்கிறோம்" என்று பணம் கேட்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

காது மந்தம் இருப்பதாகச் சொல்கிறீர்கள். இன்னொரு ஸ்கேனுக்குச் செலவழிப்பதைவிட முழுமையான செவித்திறன் சோதனையும், தேவைப்பட்டால் காதுக்கருவியும் பயன்தரும். கேட்காமல் இருந்த ஒலிகள் உள்ளே போகத் தொடங்கினால் பலருக்கு இரைச்சல் பின்னுக்குப் போகிறது. தூக்கத்தையும் நிம்மதியையும் கெடுக்கிறது என்றால், அறிதல் நடத்தை சிகிச்சைக்குத்தான் (எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பழக்கும் பேச்சுவழிச் சிகிச்சை) இதுவரை வலுவான சான்று இருக்கிறது.

ஸ்கேன் அவசியமான சந்தர்ப்பங்கள் வேறு. இரைச்சல் ஒரு காதில் மட்டும் இருந்தால், நாடித்துடிப்போடு சேர்ந்து அடித்தால், இரு காதுகளின் செவித்திறனில் வெளிப்படையான வித்தியாசம் இருந்தால், முகம் மரத்துப்போவது போன்ற நரம்புக் கோளாறு சேர்ந்து வந்தால் மருத்துவரே எழுதுவார். திடீரென்று ஒரு காது கேட்காமல் போனால் நாள் கடத்தாமல் அன்றே போங்கள், அதற்கான மருந்தைத் தாமதித்தால் பலன் குறையும். எம்.ஆர்.ஐ.க்குள் போகும்போது காதடைப்பான், அதன் மேல் ஹெட்போன் என இரண்டையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நமக்கு இருக்கும் சத்தமே போதும்.