66 வயதில் பி.ஏ. சேரலாம், பஸ் நிலையத்து மாடிப்படி ஏற வேண்டாம்

கேள்வி: எனக்கு வயது 66. ஊர் கோவில்பட்டி. சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். 1976-இல் பி.யூ.சி. தேறினேன், அதற்கு மேல் வீட்டில் அனுப்பவில்லை. இப்போது வரலாறு பி.ஏ. படிக்க வேண்டும் என்று ஆசை. பஸ் நிலையம் எதிரே ஒரு மாடியில் இருக்கும் கல்வி மையத்தில் விசாரித்தேன். "உங்கள் வயதுக்கு நேரடியாகச் சேர முடியாது. நாங்கள் வெளிமாநிலப் பல்கலைக்கழகத்தில் சேர்த்துவிடுகிறோம். மொத்தம் 38,000 ரூபாய். தேர்வுக்கு அலைய வேண்டாம், ஒரே வருடத்தில் பட்டம் கையில்" என்றார்கள். 5,000 ரூபாய் முன்பணமும் பி.யூ.சி. மூலச் சான்றிதழும் கொடுத்துவிட்டேன். எழுதும்போது எனக்குக் கை நடுங்கும். அதனால் தேர்வு இல்லை என்றதும் நிம்மதியாகத்தான் இருந்தது. மகனும் "எப்படியோ பட்டம் வந்தால் சரி" என்கிறான். நான் செய்தது சரியா?

பதில்: சரியில்லை அம்மா. ஆனால் கை மீறிப் போய்விடவும் இல்லை. மீதி 33,000 ரூபாய் இன்னும் உங்களிடம்தான் இருக்கிறது. அது உங்களிடமே இருக்கட்டும்.

முதலில் வயது விஷயம். தொலைநிலைக் கல்வியில் பி.ஏ. சேர மேல் வயது வரம்பு கிடையாது. நாடாளுமன்றச் சட்டத்தால் 1985-இல் வந்த இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திலும் (சுருக்கமாக இக்னோ) இல்லை, நம் சட்டமன்றச் சட்டத்தால் 2002-இல் வந்த தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திலும் இல்லை. கேரளத்தில் கார்த்தியாயினி அம்மா 2018-இல் எழுத்தறிவுத் தேர்வு எழுதி நூற்றுக்கு 98 வாங்கியபோது அவருக்கு வயது 96. "உங்கள் வயதுக்கு நேரடியாகச் சேர முடியாது" என்று அந்த மாடியில் சொன்னது பச்சைப் பொய். அந்தப் பொய்யை முதலில் போட்டால்தான் அடுத்தடுத்த பொய்கள் செல்லுபடியாகும். வயதானவர்கள் கல்லூரி அலுவலகத்துக்குள் நுழையக் கூச்சப்படுவார்கள், ஜன்னலுக்கு அந்தப்பக்கம் இருப்பவர் "யாருக்கும்மா அட்மிஷன், பேத்திக்கா?" என்று கேட்டுவிட்டால் திரும்பி வந்துவிடுவார்கள் என்று இவர்களுக்குத் தெரியும். அந்தக் கூச்சத்துக்குத்தான் விலை 38,000.

உங்கள் பி.யூ.சி. செல்லும். அந்தக் காலத்துப் பதினோரு வருட எஸ்.எஸ்.எல்.சி.யும் அதன்மேல் ஒரு வருட பி.யூ.சி.யும் சேர்ந்தால் பன்னிரண்டு வருடம் ஆகிறது. இன்றைய பிளஸ் டூவுக்கு அது சமம். சேர்க்கைப் பிரிவில் உட்கார்ந்திருக்கும் இளைஞருக்குப் பி.யூ.சி. என்றால் என்னவென்று தெரியாமல் இருக்கலாம். அதற்காக நீங்கள் தயங்க வேண்டியதில்லை. மேலே இருப்பவரைக் கேட்கச் சொல்லுங்கள். சான்றிதழில் "மதுரைப் பல்கலைக்கழகம்" என்று இருக்கும். அது பிறகு 1978-இல் மதுரை காமராசர் பல்கலைக்கழகம் ஆனது. "இந்தப் பெயர் பட்டியலில் இல்லை" என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

இனி அந்த மாடிக்கு வருவோம். அவர்கள் சொன்ன ஒவ்வொரு வாக்கியத்திலும் ஒரு விதிமீறல் இருக்கிறது. பி.ஏ. குறைந்தது மூன்று வருடப் படிப்பு. ஒரே வருடத்தில் தருகிறேன் என்றால், ஒன்று அந்தப் பட்டம் போலி, அல்லது முன்தேதியிட்டுச் சேர்க்கை காட்டப் போகிறார்கள். "தேர்வுக்கு அலைய வேண்டாம்" என்றால் உங்கள் பெயரில் வேறு யாரோ எழுதுவார்கள், அல்லது மதிப்பெண் பட்டியலை அச்சகத்தில் அடிப்பார்கள். ஆள்மாறாட்டம் குற்றம், பட்டம் யார் பெயரில் இருக்கிறதோ அவரையும்தான் விசாரிப்பார்கள். தொலைநிலைக் கல்வியில் ஒரு மாநிலப் பல்கலைக்கழகம் தன் மாநில எல்லையைத் தாண்டி வந்து மையம் நடத்த அனுமதி இல்லை. உண்மையான கற்றல் உதவி மையம் ஒரு கல்லூரிக்குள் இருக்கும். ஜவுளிக்கடைக்கு மேல்மாடியில் இருக்காது. தனியாரிடம் மையத்தைக் குத்தகைக்கு விடுவதைப் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2020-ஆம் ஆண்டு விதிமுறைகள் வெளிப்படையாகவே தடை செய்கின்றன.

தடை இருந்தும் மையம் எப்படி நடக்கிறது என்று கேட்பீர்கள். மானியக் குழு அவ்வப்போது ஒரு பொது அறிவிப்பு வெளியிட்டுக் கடமையை முடித்துக்கொள்கிறது. அது ஆங்கிலத்தில், ஒரு இணையதளத்தின் மூலையில், திறக்கவே நேரம் பிடிக்கும் கோப்பாகக் கிடக்கிறது. மையத்துக்காரரின் தட்டியோ அழகான தமிழில் பஸ் நிலையத்திலேயே தொங்குகிறது.

சரியான வழி இதுதான். 2024-25 கல்வியாண்டிலிருந்து தொலைநிலைப் படிப்பில் சேர ஒவ்வொரு மாணவருக்கும் டி.இ.பி. எண் என்று ஒன்று வேண்டும். மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவுடைய இணையதளத்தில் ஆதார் வைத்து அதை நாமே எடுத்துக்கொள்ளலாம். அதற்கு முன்னால் ஏ.பி.சி. எண் என்று இன்னொன்று; படிப்பில் வாங்கும் மதிப்புப் புள்ளிகளைச் சேர்த்து வைக்கும் கணக்கின் எண் அது. அரசின் ஆவணப் பெட்டகச் செயலியான டிஜிலாக்கர் மூலம் வரும். எதற்கும் கட்டணம் இல்லை. உங்கள் மகனோ அக்கம்பக்கத்துக் கல்லூரி மாணவரோ பக்கத்தில் உட்கார்ந்து செய்து தரலாம். ஆனால் கைபேசி எண்ணும் மின்னஞ்சலும் உங்களுடையதாகவே இருக்க வேண்டும். கைபேசிக்கு வரும் ஓ.டி.பி.யை வேறு யாரிடமும் சொல்லக்கூடாது. இடைத்தரகர்கள் இப்போது புதிதாகப் பிடித்திருக்கும் வழி இதுதான். உங்கள் ஆதாரில் எண்ணை உருவாக்கி, தொடர்புக்குத் தங்கள் மின்னஞ்சலையும் கைபேசியையும் போட்டுவிடுகிறார்கள். அப்புறம் நீங்கள் முறையான பல்கலைக்கழகத்திலேயே சேர்ந்திருந்தாலும் ஹால் டிக்கெட் அவர்களுக்குத்தான் போகும். ஒவ்வொரு தேர்வுக்கும் ஒரு தொகை வைத்தால்தான் அதைக் கண்ணில் காட்டுவார்கள்.

இன்னொரு தொல்லையும் உங்களுக்குக் காத்திருக்கிறது. உங்கள் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் அப்பா பெயரின் தலைப்பெழுத்து இருக்கும். ஆதாரிலோ கணவர் பெயர் முழுதாகச் சேர்ந்திருக்கும். கணினி "பெயர் பொருந்தவில்லை" என்று சொல்லி நின்றுவிடும். இந்த நாட்டில் கோடிக்கணக்கான பெண்களுக்குக் கல்யாணத்தோடு தலைப்பெழுத்து மாறுகிறது என்பது அந்த மென்பொருளை எழுதியவர்களுக்கு எட்டவே இல்லை போலிருக்கிறது. "ஆதாரை மாற்றிவிடுங்கள்" என்று யாராவது யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் திருத்த முடியும். அங்கே மாற்றினால் ஓய்வூதியமும் வங்கிக் கணக்கும் குழம்பும். இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று நோட்டரியிடம் ஓர் உறுதிமொழிப் பத்திரம் வாங்கி, இரண்டு ஆவணங்களின் நகலையும் இணைத்து, பல்கலைக்கழகச் சேர்க்கைப் பிரிவுக்கு எழுத்து மூலம் விண்ணப்பியுங்கள். வாய்மொழியாகக் கேட்டால் "முடியாது" என்று சொல்வதே அலுவலகங்களின் பழக்கம். எழுதிக் கொடுத்தால் பதில் தர வேண்டி வரும்.

தமிழில் எழுத வேண்டும் என்றால் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமே உங்களுக்குத் தோது. சென்னை சைதாப்பேட்டையில் இருக்கும் தலைமையகம் வரை போக வேண்டாம். திருநெல்வேலியிலும் மதுரையிலும் மண்டல மையங்கள் இருக்கின்றன. கட்டணத்தைப் பல்கலைக்கழகத்தின் சொந்த இணையதளத்தில் மட்டும் கட்டுங்கள். தனிநபர் பெயருக்கோ 'டிரஸ்ட்' பெயருக்கோ கைபேசியில் அனுப்பச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

கை நடுக்கத்துக்கு வருகிறேன். நீங்கள் தேர்வைக் கண்டு பயந்ததால்தான் அந்த மாடிக்காரர் பேச்சு எடுபட்டது. தொலைநிலைக் கல்வியில் மதிப்பெண் முழுவதும் தேர்வு அறையிலேயே வருவதில்லை. இக்னோவில் வீட்டில் எழுதித் தரும் ஒப்படைப்புகளுக்கு 30 சதவீதம். நம் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திலும் ஒப்படைப்பு முறை உண்டு. வீட்டில் ஒரு நாளைக்கு அரைப் பக்கம் என்று எழுதினாலும் யாரும் கேட்கப் போவதில்லை. ஆனால் எழுதி முடித்த ஒப்படைப்பு என்று ஜெராக்ஸ் கடையில் ஒரு கட்டு விற்பார்கள். அதைத் தொடாதீர்கள். ஒரே கட்டிலிருந்து நாற்பது பேர் காப்பி அடித்தால் திருத்துகிறவருக்குத் தெரியாதா? எல்லாத் தாளையும் ஒரே பருவத்தில் எழுதிவிட வேண்டும் என்ற அவசரமும் வேண்டாம். இக்னோவில் மூன்று வருடப் பட்டத்தை முடிக்க ஆறு வருடம் வரை அவகாசம் தருகிறார்கள்.

தேர்வு அறைக்கும் வழி இருக்கிறது. விகாஷ் குமார் என்ற தேர்வர், எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் நோய் தனக்கு இருப்பதால் உதவியாளர் வேண்டும் என்று கேட்டுத் தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரியில் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. அதன் தொடர்ச்சியாக ஒன்றிய அரசு 2022 ஆகஸ்டில் வழிகாட்டுதல் வெளியிட்டது. நாற்பது சதவீதத்துக்குக் குறைவான குறைபாடு உள்ளவர்களும் எழுதுவதில் சிரமம் இருந்தால், அரசு மருத்துவமனையின் உரிய அதிகாரி சான்று தரும் பட்சத்தில், சொல்வதை எழுதுபவரை வைத்துக்கொள்ளலாம். ஒரு மணி நேரத்துக்கு 20 நிமிடம் கூடுதலாகவும் பெறலாம். மூன்று மணி நேரத் தேர்வு நான்கு மணி நேரமாகும். ஆகவே முதலில் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். படிப்புக்காக மட்டும் சொல்லவில்லை, நடுக்கத்துக்குக் காரணம் தெரிய வேண்டாமா? பார்க்கின்சன் என்றால் அது 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் பட்டியலிலேயே இருக்கிறது. "வயதாகிவிட்டது, மெதுவாகத்தான் எழுத வருகிறது" என்பதற்கு மட்டும் கூடுதல் நேரம் தர விதியில் இடமில்லை. வாழ்நாள் முழுவதும் கற்க வேண்டும் என்று கொள்கை ஆவணங்களில் பக்கம் பக்கமாக எழுதுகிறவர்களுக்கு இது தோன்றவில்லை. சான்று கிடைத்ததும் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்கு முன்கூட்டியே விண்ணப்பியுங்கள். தரைத்தளத்தில் இடம் வேண்டும் என்றும் அதிலேயே கேளுங்கள். தேர்வு நாள் காலையில் அறைக் கண்காணிப்பாளரிடம் சான்றை நீட்டிப் பயனில்லை.

"திறந்தநிலைப் பல்கலைக்கழகப் பட்டம் செல்லாது" என்று யாரோ ஒருவர் உங்களிடம் கட்டாயம் சொல்வார். அந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்; தரகர்கள் முதியவர்களைப் பயமுறுத்துவதே இதைக் காட்டித்தான். தமிழக அரசு 2009 ஆகஸ்ட் 18-ஆம் தேதி அரசாணை 107-ஐப் பிறப்பித்தது. பத்தாம் வகுப்பும் பிளஸ் டூவும் இல்லாமல், அல்லது பழைய முறையில் பதினொன்றும் ஒன்றும் இல்லாமல், நேரடியாகத் திறந்தநிலையில் பட்டம் வாங்கியவர்களின் பட்டத்தை அரசு வேலைக்கும் பதவி உயர்வுக்கும் ஏற்க முடியாது என்பதே அதன் சாரம். பட்டமே போலி என்று அதில் சொல்லவில்லை. நீங்கள் 11, அதன்மேல் 1, அதன்மேல் 3 என்ற வரிசையில் படிக்கிறீர்கள். ஆகவே அரசு வேலைக்கே போவதாக இருந்தாலும் இந்த ஆணை உங்களைத் தொடாது. 66 வயதில் டி.என்.பி.எஸ்.சி.யும் நீங்கள் எழுதப் போவதில்லை. ஓய்வு பெற்ற பலருக்குப் பட்டம் வாங்கிய கையோடு சட்டம் படிக்கும் ஆசை வரும். அங்கேயும் இதே கதைதான்: பள்ளிப் படிப்பு இல்லாமல் நேரடியாகத் திறந்தநிலைப் பட்டம் வாங்கியவர்களைத்தான் பார் கவுன்சில் விதி தடுக்கிறது, உங்களை அல்ல. பள்ளியை எட்டாம் வகுப்போடு நிறுத்திய உங்கள் வயதுத் தோழிகள் யாராவது படிக்க விரும்பினால், பின்வாசல் தேடாமல் தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் பத்தாவதையும் பன்னிரண்டாவதையும் முடித்துவிட்டு வரச் சொல்லுங்கள். அங்கேயும் மேல் வயது வரம்பு இல்லை.

பட்டம் வேண்டாம், வரலாறு படித்தால் போதும் என்றால் இவ்வளவு அலைச்சலே இல்லை. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் இலவசமாகப் படிக்கலாம். ஆங்கிலம் ஓடும் என்றால் ஒன்றிய அரசின் ஸ்வயம் தளத்தில் பாடம் கேட்கலாம். சான்றிதழுக்குத் தேர்வு எழுதினால் மட்டும் கட்டணம். ஆனால் ஐம்பது வருடம் கழித்து ஒருவர் பி.ஏ. என்று கேட்டால் அவருக்குப் பி.ஏ.தான் வேண்டும். அதனால் அதைப் பற்றி எழுதினேன்.

இனி நாளைக்கே செய்ய வேண்டியது. மகனை அழைத்துக்கொண்டு அந்த மாடிக்குப் போங்கள். பட்டம், விதிமுறை எதையும் பேசாதீர்கள். "வங்கியில் காட்ட வேண்டும், மூலச் சான்றிதழ் தேவைப்படுகிறது" என்று மட்டும் கேளுங்கள். சான்றிதழ் கைக்கு வந்த பிறகு முன்பணத்தை எழுத்து மூலம் திருப்பிக் கேளுங்கள். முன்பணத்தை முதலில் கேட்டால் சான்றிதழ் "தலைமை அலுவலகத்துக்குப் போய்விட்டது" என்று கதை கட்டுவார்கள். சான்றிதழைத் தரவே மறுத்தால் காவல் நிலையத்தில் மனுக் கொடுத்து, மனுவைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கேட்டு வாங்குங்கள். பெரும்பாலான மையங்களில் அந்த ரசீதைப் பார்த்ததும் தலைமை அலுவலகத்திலிருந்து சான்றிதழ் அன்றே வந்துவிடும். அப்படியும் கிடைக்காவிட்டால் நகல் சான்றிதழுக்கு மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும். பக்கத்தில் இருக்கிறதே என்று திருநெல்வேலியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்துக்குப் போகாதீர்கள். அது 1990-இல்தான் வந்தது, உங்கள் பதிவேடு அங்கே இருக்காது. முன்பணத்துக்குத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. ரசீது வாங்கியிருந்தால் அதைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.