987 கையெழுத்துகள்

கேள்வி: உடன்கட்டையை ஒழித்தவர் பெண்டிங்க் பிரபு. விதவை மறுமணச் சட்டமும் வெள்ளைக்காரன் போட்டதுதான். பிறகு ஏன் 19-ஆம் நூற்றாண்டுச் சீர்திருத்தவாதிகள் என்று நம்மவர்களைக் கொண்டாடுகிறீர்கள்? (சேலம் வாசகர் ஒருவர்)

பதில்: சட்டத்தில் ஒப்பமிட்டவரின் பெயர் உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. அதற்காக ஊர்ப்பகையைச் சம்பாதித்தவரின் பெயர் தெரியவில்லை. 1829 தடைக்குப் பத்தாண்டுக்கு முன்பே ராம்மோகன் ராய் உடன்கட்டைக்கு எதிராக வங்காளியில் எழுதத் தொடங்கிவிட்டார்.

மறுமணச் சட்டத்தின் கதையைக் கேளுங்கள். கல்கத்தா சமஸ்கிருதக் கல்லூரியின் முதல்வர் ஈசுவரசந்திர வித்யாசாகர். வைதிகர்கள் சாத்திரத்தைக் காட்டித்தான் மறுத்தார்கள். அவரோ அதே சாத்திரத்தை, பராசர ஸ்மிருதியைப் பிரித்து, கணவன் இறந்தாலோ காணாமற்போனாலோ துறவு பூண்டாலோ பெண் மறுமணம் செய்யலாம் என்ற சுலோகத்தை அவர்கள் முன் வைத்தார். 1855-இல் அவர் அரசுக்கு அனுப்பிய மனுவில் 987 கையெழுத்துகள். வைதிகர்கள் பக்கம் நின்ற ராதாகாந்த தேவ் தரப்பின் எதிர்மனுவில் 36,000-க்கும் மேல்! தலை எண்ணி முடிவெடுத்திருந்தால் 1856-இல் அந்தச் சட்டம் வந்தேயிருக்காது.

வந்துவிட்டால் மட்டும் போதுமா? மணையில் உட்கார மாப்பிள்ளை வேண்டுமே. அந்த டிசம்பரிலேயே கல்கத்தாவில் முதல் மறுமணம் நடந்தது. அதன் பின் ஒவ்வொரு திருமணத்துக்கும் கைப்பணத்தைக் கொட்டி வித்யாசாகர் கடனாளியானார். 1870-இல் அவருடைய மகனே ஒரு விதவையை மணந்தார்.

நீங்கள் புகழும் அந்தச் சட்டத்தின் 2-ஆம் பிரிவையும் படியுங்கள். மறுமணம் செய்துகொண்டால் முதல் கணவனின் சொத்தில் பெண்ணுக்கு உரிமை போய்விடும் என்றது அது. அறுத்துக்கட்டும் வழக்கம், அதாவது விதவை மறுமணம், தலைமுறை தலைமுறையாக இருந்த சாதிகளின் பெண்கள் மீதும் சில உயர் நீதிமன்றங்கள் இந்தப் பிரிவைப் பாய்ச்சின. இந்த அநியாயத்தையும் வெள்ளைக்காரன் கணக்கில்தான் எழுத வேண்டும்.

நம் பக்கத்துக்கு வருவோம். சட்டம் வந்து 33 ஆண்டுகள் கழித்து, 1889-இல், 'இந்து' நாளிதழை நிறுவியவர்களில் ஒருவரான ஜி. சுப்பிரமணிய ஐயர் விதவையான தம் மகளுக்குப் பம்பாயில் மறுமணம் செய்துவைத்தார். சொந்த சாதியார் அவரை ஒதுக்கிவைத்தார்கள். அந்தக் கல்யாணத்துக்கு எந்தக் கவர்னர் உத்தரவு போட்டார்?