ஒரு தெருவுக்கு ஒரு குழாய்தான்

கேள்வி: ‘தர்ஸ்ட்’ என்ற ஆவணப்படம் பார்த்தேன். குடிநீரைத் தனியாரிடம் விட்டாலே கொள்ளை என்கிறார்கள். எங்கள் ஊரில் நகராட்சி பத்து நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீர் விடுகிறது. காசு கொடுத்தால் தினமும் வரும் என்றால் தனியாரிடம் கொடுப்பதில் என்ன தப்பு?
– ஒரு வாசகர், விருதுநகர்

பதில்: பத்து நாள் காத்திருப்பவரின் கோபம் நியாயமானது. ஆனால் மளிகைக்கடை கணக்கைத் தண்ணீருக்குப் போடாதீர்கள். ஒரு கடை பிடிக்காவிட்டால் அடுத்த கடைக்குப் போகலாம். தெருவுக்கு அடியில் ஓடுவது ஒரே குழாய்.

அந்தப் படத்தில் வரும் பொலிவியாவின் கோச்சபம்பா நகரையே பாருங்கள். 1999இல் குடிநீர் விநியோகத்தை 40 ஆண்டுக்கு ஏலம் விட்டார்கள். கேட்டு வந்தது ஒரே ஒரு கூட்டமைப்பு. அதில் அமெரிக்காவின் பெக்டெல் நிறுவனத்துக்குப் பங்கு. ஆண்டுக்குக் குறைந்தது 15 சதவீத லாபம் உறுதி என்று அரசே எழுதிக் கொடுத்தது. மக்கள் கைக்காசு போட்டு வெட்டிய கிணறுகள்கூட அந்த ஏகபோகத்துக்குள் போய்விடும் நிலை. 2000 ஜனவரியில் பில் வந்தது. பல வீடுகளில் இரண்டு மடங்கு. ஒரு செருப்புத் தொழிற்சாலைத் தொழிலாளி, ஆஸ்கர் ஒலிவேரா, முன்னால் நின்றார். ஊரே தெருவுக்கு வந்தது. ஏப்ரலில் அவசரநிலை அறிவித்தார்கள். 17 வயதுப் பையன் ஒருவன் குண்டடிபட்டு இறந்தான். அதற்குப் பிறகுதான் ஒப்பந்தம் ரத்தானது.

அப்புறமும் அந்தக் கூட்டமைப்பு விடவில்லை. பொலிவியா போன்ற ஏழை நாட்டிடம் கோடிக்கணக்கான டாலர் நஷ்டஈடு கேட்டு சர்வதேச நடுவர் மன்றத்துக்குப் போனார்கள். உலகம் முழுவதும் எதிர்ப்பு கிளம்பிய பிறகு, 2006இல் பெயருக்கு இரண்டு பொலிவியானோ (அந்நாட்டு நாணயம்) வாங்கிக்கொண்டு வழக்கை முடித்தார்கள்.

ஏழை நாட்டில்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். அதே படத்தில் கலிஃபோர்னியாவின் ஸ்டாக்டன் நகரமும் வருகிறது. இப்படிப்பட்ட ஒப்பந்தத்துக்கு மக்களின் ஒப்புதல் வேண்டுமா என்று வாக்கெடுப்பு நடக்கச் சில நாட்களே இருந்தபோது, 2003 பிப்ரவரியில் நகர மன்றம் 4க்கு 3 என்ற கணக்கில் 20 ஆண்டு ஒப்பந்தத்தை நிறைவேற்றிவிட்டது. ‘மக்களைக் கேட்க வேண்டும்’ என்றுதான் வாக்கெடுப்பின் முடிவு வந்தது. ஆனால் கையெழுத்து ஏற்கெனவே ஆகிவிட்டது. சுற்றுச்சூழல் ஆய்வு செய்யவில்லை என்று மக்கள் நீதிமன்றம் போய்ப் போராடி, 2008இல்தான் தண்ணீர் நகரத்தின் கைக்குத் திரும்பியது. படம் 2004இல் வந்ததால் இந்த முடிவை நீங்கள் அதில் பார்த்திருக்க முடியாது.

ஒன்றை மறைக்க விரும்பவில்லை. கோச்சபம்பாவில் நிர்வாகம் திரும்பக் கிடைத்த பிறகும், நகரின் தெற்குப் பகுதியில் ஏராளமானவர்கள் லாரித் தண்ணீரைத்தான் விலைக்கு வாங்கினார்கள். பொதுத்துறைக்கு வந்தால் மட்டும் குழாய் தானாக நீளாது. அங்கேயும் கேட்க ஆள் வேண்டும்.

அதனால், உங்கள் கவுன்சிலரிடம் நாளைக்கே கேளுங்கள்: ஊருக்கு எவ்வளவு தண்ணீர் வருகிறது, வழியில் எவ்வளவு கசிகிறது, குழாய் பதித்து எத்தனை வருஷம் ஆச்சு? தனியாருக்குக் கொடுக்கிறோம் என்று சொன்னால், ஒப்பந்தத்தைத் தமிழில் கேட்டு வாங்கி, எத்தனை ஆண்டு, எத்தனை சதவீத லாபம் உறுதி, பாதியில் விலகினால் யார் தண்டம் கட்டுவது என்ற மூன்றையும் முதலில் படியுங்கள்.