பெரியப்பாவின் மூன்று டிஸ்க்குகள்

அன்புள்ள ஐயா,

என் பெரியப்பா மன்னார்குடி பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறார். தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், வயது 74. இருபது வருடங்களுக்கு மேலாகச் சுற்றுவட்டாரத்துத் தாலாட்டு, நடவுப் பாட்டு, ஒப்பாரி எல்லாவற்றையும் தேடிப் போய்க் கேட்டு எழுதியிருக்கிறார். கேசட்டில் பதிவு செய்ததும் உண்டு. 2018 கஜா புயலில் ஓடு பறந்து நான்கு நோட்டுகள் நனைந்து கூழாகிவிட்டன. அதற்குப் பிறகுதான் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் தட்டச்சு செய்ய ஆரம்பித்தார்.

அது டிவிடி ரைட்டர் உள்ள பழைய டெஸ்க்டாப். ஒரு பென் டிரைவ் திடீரென்று திறக்காமல் போனதிலிருந்து அவர் அதை நம்புவதில்லை. இன்டர்நெட் வரும், போகும். “அழிச்சு அழிச்சு எழுதுற டிஸ்க் இருக்காமே, அதுல எடுத்து பீரோவுல வெச்சுக்கிறேன்” என்கிறார். இந்தக் காலத்தில் டிஸ்க்கா என்று அண்ணன்கள் சிரிக்கிறார்கள். நான் புனேயில் இருக்கிறேன், பொங்கலுக்குத்தான் ஊருக்குப் போவேன். அவரே தனியாகச் செய்துகொள்ளும்படி சொல்லிக் கொடுக்க முடியுமா?

ர., புனே

அன்புள்ள ர.,

முடியும். உங்கள் பெரியப்பா சொல்வதில் நியாயம் இருக்கிறது. பீரோவில் இருக்கும் டிஸ்க்கை வைரஸ் தொடாது. இடி இடித்து மின்சாரம் ஏறி இறங்கிக் கம்ப்யூட்டர் போனாலும் டிஸ்க்குக்கு ஒன்றும் ஆகாது. மேலே தேதி எழுதலாம், கையில் எடுத்துப் பார்க்கலாம். நோட்டுப் புத்தகத்தோடு வாழ்ந்த ஒருவருக்கு இது பெரிய விஷயம். கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஓரிடத்தில் உன் எழுத்து பத்திரமாக இருக்கிறது என்று சொன்னால் அவர் மனசு எப்படி ஒப்பும்? அவர் செய்ய விரும்பும் முறைதான் அவர் விடாமல் செய்யப்போகும் முறை.

என் மாமா ஒருவரும் இப்படித்தான் தன் வாழ்க்கைக் கதையை எழுதிக்கொண்டிருந்தார். ஞாயிறு தவறாமல் டிஸ்க்கில் ஏற்றுவார். இரண்டு வருடம் கழித்து ஹார்ட் டிஸ்க் போனது. கவலையே படாமல் டிஸ்க்குகளை என்னிடம் கொடுத்தார். போட்டுப் பார்த்தால் ஒவ்வொன்றிலும் ஓரிரண்டு கே.பி. அளவில் ஒரே ஒரு கோப்பு. டெஸ்க்டாப்பில் இருந்த ஃபோல்டர் படத்தை அவர் இழுத்துப் போட்டிருக்கிறார், ஆனால் அது உண்மையான ஃபோல்டர் இல்லை, மூலையில் சின்ன அம்புக்குறி உள்ள ஷார்ட்கட். வீட்டின் முகவரியை எழுதி வைத்துவிட்டு வீட்டையே எடுத்து வைத்ததாக நினைத்திருக்கிறார். அவருக்கு அதைச் சொல்ல எனக்கு ஒரு வாரம் ஆனது. அவர்மேல் ஒரு தவறும் இல்லை. டிஸ்க்கிலிருந்து ஒரு கோப்பைத் திறந்து பாருங்கள் என்று அவரிடம் நாங்கள் யாரும் ஒருநாளும் சொல்லவில்லை.

அதனால் உங்களிடம் முதலில் கேட்பது இதுதான்: ஏற்றுவதைச் சொல்லிக் கொடுக்கும் அதே நாளில் திறந்து பார்ப்பதையும் சொல்லிக் கொடுங்கள். ஏற்றி முடித்ததும் டிஸ்க்கை வெளியே எடுத்து, மறுபடி போட்டு, அதில் உள்ள கோப்பைத் திறந்து, அன்று கடைசியாகத் தட்டச்சு செய்த பாட்டு இருக்கிறதா என்று அவர் கண்ணால் பார்க்க வேண்டும். பார்த்த பிறகுதான் நோட்டில் தேதி போட வேண்டும்.

சரி, எதை எதில் ஏற்றுவது? மாறிக்கொண்டே இருப்பதையும் இனி மாறாததையும் பிரித்துக்கொள்ளுங்கள். தட்டச்சு செய்யும் பாட்டுகள் வாரா வாரம் வளரும். அவற்றுக்குத்தான் அழித்து அழித்து எழுதக்கூடிய டிவிடி-ஆர்டபிள்யூ. கேசட்டிலிருந்து மாற்றிய ஒலிப்பதிவு இனி மாறப்போவதில்லை. அதை ஒரே முறை எழுதும் சாதாரண டிவிடி-ஆரில் இரண்டு பிரதி போட்டுவிடுங்கள். அழிக்க முடியாத டிஸ்க்கில் கைதவறி அழிப்பது என்ற பேச்சே இல்லை. அளவும் இதற்கு ஒத்துவரும். ஒரு டிவிடியில் 4.7 ஜி.பி. கொள்ளும் (கம்ப்யூட்டர் 4.37 என்று காட்டும், ஏமாந்துவிட்டோமோ என்று அவர் பதறப் போகிறார், அது கணக்கிடும் முறையில் உள்ள வித்தியாசம்தான்). சுருக்காத ஒலிப்பதிவு நிமிடத்துக்குச் சுமார் 10 எம்.பி. ஆகும். ஆக ஒரு மணி நேரக் கேசட்டுகள் ஏழு ஒரு டிவிடியில் அடங்கும். எழுத்தோ மிகச் சின்னது. இருபது வருட உழைப்பும் சில எம்.பி.க்குள் முடிந்துவிடும்.

எழுத்து இவ்வளவு சின்னதாக இருப்பதால் ஒரு வசதி. வாரா வாரம் பழையதை அழிக்கவே வேண்டாம். டிஸ்க்கில் அன்றைய தேதியில் ஒரு ஃபோல்டர் போட்டு அதற்குள் முழுவதையும் நகலெடுத்தால் போதும். மூன்று வாரத்துக்கு முன்னால் தெரியாமல் ஒரு பக்கத்தை அழித்துவிட்டு இன்றுதான் கவனிக்கிறார் என்றால் பழைய தேதிக்குப் போய் எடுத்துக்கொள்ளலாம்.

டிஸ்க் ஒன்று போதாது, மூன்று வாங்குங்கள். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்டு வாரம் ஒன்றாகச் சுழற்றி வரட்டும். என்றாவது ஒரு டிஸ்க் நிரம்பி அதை அழிக்க வேண்டி வந்தால் மற்ற இரண்டையும் திறந்து பார்த்துவிட்டு அழிக்க வேண்டும். ஒரு தமிழாசிரியரிடம் இதை விளக்குவது சுலபம். புது ஏட்டில் பெயர்த்து எழுதிய பிறகுதான் பழைய ஏட்டை ஆடிப்பெருக்கில் ஆற்றில் விடுவது என்று ஒரு வழக்கம் இருந்தது. பிற்காலத்தில் பெயர்த்தெழுதுவது நின்றுபோய் ஆற்றில் விடுவது மட்டும் தொடர்ந்தது. அதில் போன சுவடிகளை நினைத்து உ.வே.சா. எவ்வளவு வருந்தினார் என்பது உங்கள் பெரியப்பாவுக்குத் தெரிந்திருக்கும்.

இந்த டிஸ்க்கில் அழித்து அழித்து எழுத முடிவது எப்படி என்று அவர் கேட்டால் சொல்லுங்கள். உள்ளே ஒரு மெல்லிய உலோகக் கலவைப் படலம் இருக்கிறது. லேசர் அதைச் சூடாக்கிச் சட்டென்று ஆறவிட்டால் ஒளியைக் குறைவாகத் திருப்பும் நிலைக்குப் போகும். மெதுவாக ஆறவிட்டால் பழைய பளபளப்புக்குத் திரும்பும். இப்படிச் சுமார் ஆயிரம் முறை மாற்றி எழுதலாம் என்பது கணக்கு. மூன்று டிஸ்க்கைச் சுழற்றினால் ஒன்றில் வருடத்துக்குப் பதினேழு பதினெட்டு முறைதான் எழுதுவார். ஆகவே எழுதித் தேய்ந்து போகும் என்ற பயம் வேண்டாம். கீறலும் வெயிலும் சூடும்தான் எதிரிகள். கெட்டியான பெட்டியில் போட்டு நிறுத்தி வைக்க வேண்டும். மேல் பக்கத்தில் மார்க்கரால் எழுதலாம், பால்பாயிண்ட் பேனா வேண்டாம், காகிதம் ஒட்டவும் வேண்டாம், ஒட்டினால் சுற்றும்போது எடை ஒருபக்கம் சாயும்.

புது டிஸ்க்கைப் போட்டதும் விண்டோஸ் ஒரு கேள்வி கேட்கும்: பென் டிரைவ் மாதிரி பயன்படுத்தவா, டிவிடி பிளேயரில் ஓடுகிற மாதிரியா? முதலாவதைத் தேர்ந்தெடுத்து மூன்று டிஸ்க்கையும் நீங்களே தயார் செய்து கொடுத்துவிடுங்கள். அதில் இழுத்துப் போட்டதுமே எழுதிவிடும். இரண்டாவது வகையில் இழுத்துப் போட்டவை ஒரு தற்காலிக இடத்தில் காத்திருக்கும், பர்ன் என்ற பொத்தானை அழுத்தினால்தான் டிஸ்க்குக்குப் போகும். அதை மறந்து வெற்று டிஸ்க்கைப் பூட்டி வைத்தவர்கள் நிறையப் பேர். பென் டிரைவ் முறையில் அவர் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். டிரைவில் இருக்கும் பட்டனைப் பாதியில் அமுக்காமல், திரையில் எஜெக்ட் கொடுத்துவிட்டு அது தானாக வெளியே வரும்வரை பொறுக்க வேண்டும்.

சொல்லிக் கொடுக்கும்போது நீங்கள் மவுஸைத் தொடக் கூடாது. இதில் நான் கறாராக இருப்பேன். நீங்கள் வாயால் சொல்ல, அவர் செய்ய, செய்ததை அவரே அவர் சொற்களில் ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதட்டும். மறுநாள் நீங்கள் பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்திருக்க, அந்தத் தாளை மட்டும் பார்த்து அவர் செய்யட்டும். எந்த இடத்தில் தயங்குகிறாரோ அந்த வரியை அவரே திருத்தி எழுத வேண்டும். உங்கள் கையெழுத்தில் இருக்கும் தாள் ஒரு மாதத்தில் காணாமல் போகும். அவர் எழுதிய தாள் சுவரில் இருக்கும்.

அப்புறம் எழுத்துரு. ஆரம்பத்தில் தட்டச்சு செய்தவை பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் இருக்கின்றனவா என்று பாருங்கள். அப்படியிருந்தால் அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் ஒப்பாரி முழுவதும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத்தான் தெரியும். டிஸ்க் பத்திரமாக இருந்தும் பாட்டு போய்விட்டது என்று யாரோ தூக்கி எறிந்துவிடுவார்கள். என்.எச்.எம். கன்வெர்ட்டர் போன்ற ஒரு மென்பொருளைக் கொண்டு, இன்றைய கம்ப்யூட்டர்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான யூனிகோடு முறைக்கு மாற்றுங்கள். மாற்றியதை அவர் ஒருமுறை படித்துச் சரிபார்க்க வேண்டும். மூலக் கோப்புகளையும் எழுத்துருவையும்கூட டிஸ்க்கில் சேர்த்து வையுங்கள்.

அண்ணன்கள் சொல்வதையும் தள்ளிவிட வேண்டாம். புதிய லேப்டாப்களில் டிஸ்க் டிரைவ் அநேகமாக வருவதே இல்லை. 2025 பிப்ரவரியில் சோனி நிறுவனம், டிவிடிக்கு அடுத்து வந்த ப்ளூ-ரே வகையில் எழுதக்கூடிய டிஸ்க்குகளின் தயாரிப்பையே நிறுத்திவிட்டது. டிவிடி இன்னும் கிடைக்கிறது, என்றாலும் எந்தத் திசையில் போகிறது என்பது தெரிகிறதல்லவா? யுஎஸ்பியில் மாட்டும் டிவிடி ரைட்டர் ஒன்று இப்போதே வாங்கி வீட்டில் வைத்துவிடுங்கள். பீட்டர் க்ரோக் என்ற புகைப்படக் கலைஞர் பரப்பிய ஒரு கணக்கு உண்டு: மூன்று பிரதி, இரண்டு வகைப் பொருளில், ஒன்றாவது வேறு ஊரில். கஜா ஒரு வீட்டை மட்டும் அடிக்கவில்லை, டெல்டா முழுவதையும் அடித்தது. பக்கத்துத் தெருவில் பிரதி வைத்து என்ன பயன்? ஒவ்வொரு பொங்கலுக்கும் எல்லாவற்றையும் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் எடுத்துப் புனேக்குக் கொண்டு போங்கள். அதை இணையத்தில் ஏற்றுவதை அண்ணன்களிடம் விடுங்கள், அது அவர்கள் பங்கு.

இந்தப் பொங்கலுக்குப் போனதும் டிஸ்க்கைப் பிரிப்பதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். கேசட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டு பெரியப்பாவோடு உட்காருங்கள். ஒவ்வொன்றிலும் பாடுவது யார், எந்த ஊர், எந்த வருடம், யார் இறந்தபோது பாடிய ஒப்பாரி என்று அவர் சொல்லச் சொல்ல நீங்கள் தட்டச்சு செய்யுங்கள். பாடியவர்களில் எத்தனை பேர் இன்று இருக்கிறார்களோ. அந்தப் பெயர்கள் இப்போது அவர் ஒருவர் நினைவில்தான் இருக்கின்றன. அந்தப் பட்டியல் முடிந்ததும் அதை எல்லா டிஸ்க்கிலும் முதல் கோப்பாகப் போடுங்கள்.