பாலிமரை அடிச்சு கலக்கலாமா?

கேள்வி: எங்க தண்ணி சுத்திகரிப்பு பிளான்ட்ல அழுக்கைத் திரட்டப் போடற பாலிமர் பவுடர் சீக்கிரம் கரையட்டும்னு மிக்ஸர் வேகத்தை ஏத்தி ராத்திரி முழுக்க ஓட விட்டோம். கட்டியே இல்லாம கண்ணாடி மாதிரி கரையுது, ஆனா அழுக்கு முன்ன மாதிரி திரள மாட்டேங்குது, டோஸ் கூட்டியும் பிரயோஜனம் இல்ல. சப்ளையர் மட்டமான சரக்கு தள்ளிட்டாரா?

பதில்: சப்ளையரை திட்டுறதுக்கு முன்னாடி உங்க மிக்ஸரை ஒரு தடவை பாருங்க. இந்த பாலிமர் பெரும்பாலும் பாலிஅக்ரிலமைட், கண்ணி கண்ணியா கோத்த நீளமான சங்கிலி மாதிரி மூலக்கூறு. அது வேலை செய்யறதே அந்த நீளத்தாலதான், ஒரு முனை ஒரு தூசில ஒட்டும், இன்னொரு முனை பக்கத்து தூசிய புடிக்கும், இப்படி பாலம் போட்டு போட்டுத்தான் பெரிய திரளா வந்து கீழ உக்காருது. மூலக்கூறு எடை 1 கோடின்னு வச்சுக்கிட்டா ஒரே சங்கிலில கிட்டத்தட்ட 1,40,000 கண்ணி இருக்கும், முழுசா நீட்டினா சுமார் 35 மைக்ரான், அதாவது தலைமுடி தடிமன்ல பாதி! இந்த மெல்லிசு நூலை நீங்க ராத்திரி பூரா பிளேடு முனையில போட்டு இழுத்திருக்கீங்க. ரெண்டு பக்கமும் இழுக்கும்போது இழுவை நடுவுலதான் அதிகமா விழும், அதனால பெரும்பாலும் நடுவுல கிட்டத்துலயே அறுந்து ரெண்டு பாதியாகுது. இதுல வயிறெரியற விஷயம் என்னன்னா, நீளமான சங்கிலிதான் முதல்ல அறும், அந்த நீளத்துக்காகத்தானே காசு கொடுத்து வாங்கினோம்.

டோஸ் ஏத்தியும் ஏன் சரியாகலன்னா, குட்டை சங்கிலிங்க தூசி மேல படுத்துக்கிட்டு இடத்தை அடைச்சுக்கும், பாலம் போட எட்டாது. இன்னும் ஊத்தினா இன்னும் மூடும், அவ்வளவுதான். சில சமயம் தண்ணி முன்ன விட கலங்கலா கூட ஆகும்.

அப்போ வேகமே கூடாதான்னு கேட்டா, இங்கதான் நிறைய பேர் குழம்புறாங்க. பவுடர் தூவுற அந்த கொஞ்ச நேரம் நல்லா சுழல் இருக்கணும், இல்லாட்டி கட்டி விழும். அப்ப சங்கிலி இன்னும் பவுடர் துகளுக்குள்ள சுருண்டு கிடக்கறதால பெருசா அடிபடாது. நனைஞ்சு விரிய ஆரம்பிச்ச பிறகு மெதுவா, ஒரு 45 நிமிஷம் ஒரு மணி நேரம் போதும். பவுடருக்கு பதிலா எமல்ஷனா (பால் மாதிரி திரவமா வர்ற பாலிமர்) வாங்கறவங்களுக்கும் இதே கதைதான், தொடக்கத்துல கொஞ்ச நேரம் பலமா, அப்புறம் சாந்தமா.

சந்தேகம் இருந்தா அதே மூட்டைல இருந்து கொஞ்சம் பவுடர் எடுத்து பீக்கர்ல அதே அளவு செறிவுல மெதுவா கரைச்சு, டேங்க்ல இருக்கறதையும் இதையும் பக்கத்துல பக்கத்துல ஜார் டெஸ்ட் போடுங்க, அதாவது ஜாடிகள்ல உங்க அழுக்கு தண்ணிய எடுத்து, ஒண்ணுல இதையும் இன்னொண்ணுல அதையும் ஒரே அளவு ஊத்தி, எதுல நல்லா திரளுதுன்னு பாருங்க. பீக்கர் ஜெயிச்சா சரக்கு மேல தப்பில்ல. டோசிங் பாயின்ட் கிட்டயும் ஒரு சாம்பிள் எடுங்க, ஏன்னா டேங்க்ல நல்லா இருந்தது சென்ட்ரிஃபியூகல் பம்ப்லயோ பாதி மூடின வால்வுலயோ அறுந்திருக்கலாம். ஸ்க்ரூ மாதிரி சுத்தி மெதுவா தள்ற பம்ப் இதுக்கு தேவலை. கரைக்கிற தண்ணில குளோரின், இரும்பு இருக்கான்னும் பாத்துடுங்க, அதுவும் சங்கிலிய அறுக்கும், அதுக்கு மிக்ஸரை குத்தம் சொல்ல முடியாது.

கேள்வி: எங்க பிளான்ட்ல திரள் பெருசா அழகா வருது, ஆனா பம்ப் தாண்டினதும் பொடியாகுது. மெதுவா கலக்கினா திரும்ப சேராதா?

பதில்: படிகாரம் மட்டும் போட்டு வந்த திரளா இருந்தா ஓரளவு சேரும். பாலிமர் பாலம் அப்படி இல்ல, உடையும்போது சங்கிலியே அறுந்து போகுது, இல்லன்னா விட்டுப்போன முனை மடங்கி அதே தூசி மேலயே ஒட்டிக்குது, மறுபடி கை நீட்டாது. அதனால பாலிமரை பம்புக்கு அப்புறம் போடற மாதிரி பாயின்ட்டை மாத்துங்க. முடியலன்னா டோஸை ரெண்டா பிரிச்சு ஒரு பங்கையாவது பம்ப் தாண்டினதும் கொடுத்துப் பாருங்க, மொத்த அளவை கூட்டாமலேயே வித்தியாசம் தெரிய வாய்ப்பிருக்கு.