துரைக்கு இப்போதுதான் விடிந்ததா?

கேள்வி: வகுப்பில் 'முரண்நகை' (ஆங்கிலத்தில் irony) மூன்று வகை என்று எழுதிப் போட்டார்கள், தேர்விலும் எழுதிவிட்டேன். ஆனால் ஒன்றும் பிடிபடவில்லை. குடை எடுத்துப் போகாத நாளாகப் பார்த்து மழை கொட்டுகிறதே, அது முரண்நகையா?
– முதுகலை மாணவி, தஞ்சாவூர்

பதில்: இல்லை, அது உங்கள் நேரம். மழைக்கு உங்களையும் தெரியாது, உங்கள் குடையையும் தெரியாது. 'இன்று மழைக்கு வாய்ப்பே இல்லை' என்று வானிலை வாசித்தவர் வெளியே வந்ததும் தொப்பலாக நனைந்தால், அதைச் சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன். ஒருவர் சொன்னதோ நம்பியதோ அவர் மேலேயே திரும்ப வேண்டும்.

முதல் வகையான சொல் முரண்நகையை நீங்கள் பிறந்ததிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். ஒன்பது மணிக்கு எழுந்து வரும் பையனிடம் அம்மா 'வாங்க துரை, இப்பத்தான் விடிஞ்சுதா?' என்கிறாரே, அதுதான். சொல்வது ஒன்று, குறிப்பது வேறு. இதைச் செய்வதில் ஔவையாரை மிஞ்ச ஆள் இல்லை. அதியமானுக்காகத் தூது போனவருக்குத் தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டினான், மிரட்டத்தான், வேறு எதற்கு? ஔவை நிதானமாகப் பாடினார் (புறநானூறு 95): இவையெல்லாம் மயிற்பீலி அணிந்து, மாலை சூட்டி, நெய் பூசிக் காவலுள்ள பெரிய மாளிகையில் இருக்கின்றன; அதியமானின் வேல்களோ பகைவரைக் குத்திக் குத்தி முனை சிதைந்து கொல்லனின் சிறு கொட்டிலில் கிடக்கின்றன. 'வியன் நகர்' என்று இங்கே, 'குற்றில்' என்று அங்கே, எவ்வளவு பவ்யமாக இரண்டையும் பக்கத்தில் வைக்கிறார் பாருங்கள். தொண்டைமான் கோபப்படவும் முடியாது, ஏனென்றால் திட்டு என்று ஒரு சொல்கூட அதில் இல்லை. நம் இலக்கணத்தில் இதற்கு வஞ்சப்புகழ்ச்சி என்று பெயர்.

மற்ற இரண்டுக்கும் சிலப்பதிகாரம் போதும். கோவலன் மதுரைக் கடைவீதியில் பொற்கொல்லனைப் பார்க்கிறான், பின்னால் நூறு பேர் வர நடந்து வருகிறான், பெரிய ஆள் போல என்று நினைத்து, 'அரசன் தேவிக்கு ஏற்ற காற்சிலம்பு ஒன்றுக்கு உன்னால் விலை சொல்ல முடியுமா?' என்று கேட்கிறான். அரசியின் சிலம்பைத் திருடியவனிடமே போய், அரசிக்கு ஏற்ற சிலம்பு என்கிறான்! அவன் கைகூப்பி, 'அடியேன் அறியேன், ஆனாலும் வேந்தருக்கு முடி முதலான அணிகள் செய்பவன்' என்று பணிவாகச் சொல்கிறான். அந்த இடத்தில் இளங்கோ அவனைப் பொற்கொல்லன் என்று எழுதுவதில்லை. 'கூற்றத் தூதன்' என்கிறார், அதாவது எமன் அனுப்பிய ஆள். கோவலன் பார்ப்பது கூப்பிய கைகளை, நாம் பார்ப்பது எமதூதனை. பாத்திரத்துக்குத் தெரியாதது நமக்குத் தெரிந்திருக்கிறது என்பதுதான் நாடக முரண்நகை. எத்தனை முறை படித்தாலும் எனக்கு அந்த வரியில் வயிற்றைப் பிசையும்.

நிகழ்ச்சி முரண்நகைக்குப் பாண்டியன். கள்வன் என்று தீர்ப்புச் சொன்ன அதே வாய், 'யானோ அரசன், யானே கள்வன்' என்று சொல்ல நேர்கிறது. இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

கேள்வி: மதுரைக் கோட்டைக் கொடிகள் கோவலனை 'வராதே' என்று கைகாட்டினவே, அதுவும் இதில் சேருமா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: பள்ளியில் படித்தது சரிதான், அது தற்குறிப்பேற்ற அணி. காற்றில் கொடி அசைவது இயல்பு, அதன்மேல் தன் கருத்தை ஏற்றிச் சொல்வது புலவர் வேலை. ஆனால் 'வராதே' என்பது நமக்குக் கேட்கிறது, கோவலனுக்குக் கேட்கவில்லை, அவன் பாட்டுக்கு உள்ளே போகிறான். அந்த அளவுக்கு இதிலும் நாடக முரண்நகை கலந்திருக்கிறது என்றால் மறுக்கமாட்டேன்.

கேள்வி: அண்ணி சமைத்த குழம்பு படத்துக்கு வாட்ஸ்அப்பில் 'ஆகா, பிரமாதம்!' என்று நக்கலாக அனுப்பினேன். நிஜம் என்று நம்பி எனக்கு ஒரு தூக்கு நிறைய அனுப்பிவிட்டார். எங்கே தப்பு?
– வாசகர், கோவை

பதில்: நேரில் என்றால் குரலின் இழுப்பே காட்டிக்கொடுத்திருக்கும். எழுத்தில் அது கிடையாது, அதனால் வாக்கியத்துக்குள்ளேயே ஒரு முள்ளை வைக்க வேண்டும். வள்ளுவர் 'தேவர் அனையர் கயவர்' என்கிறார். கயவரைப் போய்த் தேவர் என்கிறாரே என்று திகைக்கும்போது, 'அவருந்தாம் மேவன செய்தொழுக லான்' என்று காரணம் வருகிறது. தேவரைப் போலவே கயவரும் தம் இஷ்டப்படி நடக்கிறார்கள், கேட்க ஆளில்லை, அவ்வளவுதான் ஒற்றுமை. (தேவர்களுக்கும் ஒரு குட்டு விழுந்ததோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.) உங்கள் 'பிரமாத'த்தில் அந்த இரண்டாவது அடி இல்லை. இப்போது போய் அதைச் சேர்க்காதீர்கள். அந்தக் குழம்பைச் சாப்பிட்டு முடியுங்கள், தூக்கைக் கழுவித் திருப்பிக் கொடுங்கள்.