வாசகர் கேள்வி–பதில்: ஓடுபவர்களுக்கு உதவப்போகும் மாணவர்களுக்கு

ஞாயிற்றுக்கிழமைகளில் நடைபெறும் பொது ஓட்டங்களில் தன்னார்வலராகச் சேர்வதைப் பற்றிச் சேலம் மாவட்டத்து வாசகர்கள் எழுதிய கடிதங்களுக்கு மட்டும் இந்த இதழில் பதில் தருகிறோம்.

ஐயா, நான் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஏற்காட்டில் நடைபெறவுள்ள ஐந்து கிலோமீட்டர் ஓட்டத்துக்கு உதவ எங்கள் நாட்டு நலப்பணித் திட்ட அணியை அழைத்திருக்கிறார்கள். தோழிகளுக்குப் பரிசளிப்பு மேடை, புகைப்படம் என்று வேலை கிடைத்திருக்க, எனக்கு மட்டும் தண்ணீர் மேசை. தண்ணீர் ஊற்றிக் கொடுக்கவா விடியற்காலையில் எழுந்து மலையேற வேண்டும்?
(மாணவி, அஸ்தம்பட்டி)

மேடைக்கு வருபவர்கள் பரிசு பெறும் சிலர்தான். உங்கள் மேசைக்கோ ஓட வந்த அத்தனை பேரும் வருவார்கள். அவர்களில் நன்கு பழகிய ஓட்டக்காரர் இருபது, இருபத்தைந்து நிமிடங்களில் ஐந்து கிலோமீட்டரை முடித்துவிடுவார். குளிர்ந்த மலைக்காற்றில் அவருக்கு உங்கள் தண்ணீரே தேவைப்படாமல் போகலாம். பேரனின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தே வரும் பாட்டிக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், அதற்குள் வெயிலும் ஏறியிருக்கும். பொது ஓட்டம் என்பது அந்தப் பாட்டியும் வரலாம் என்று சொல்லி நடத்தப்படுவது. ஆகவே தண்ணீர் மேசையின் தரத்தை நான் கடைசி ஆளுக்குக் கிடைத்ததை வைத்துத்தான் மதிப்பிடுவேன்.

பல இடங்களில் நடப்பது இதற்கு நேர்மாறானது. முதல் கூட்டம் வரும்போது கைதட்டலும் ஆரவாரமுமாகத் தண்ணீரை வாரி இறைத்துவிட்டு, கடைசி நூறு பேர் வரும்போது அண்டா காலியாகவும் தன்னார்வலர்கள் இட்லி வரிசையிலுமாக இருப்பார்கள். எனவே, எத்தனை பேர் பதிவு செய்திருக்கிறார்கள், எத்தனை கேன் தண்ணீர் வருகிறது என்று முந்தைய நாளே கேட்டு, மூன்றில் ஒரு பங்கைத் தொடாமல் தனியே எடுத்து வையுங்கள்.

டம்ளரை விளிம்பு வரை நிரப்பாமல் முக்கால் அளவுக்கு மொண்டு, விரித்த உள்ளங்கையில் வைத்துக் கையை நன்றாக நீட்டினால், வருபவர் உங்கள் விரல்களோடு மல்லுக்கட்டாமல் எடுத்துக்கொள்வார். மேசைகளை ஒரே இடத்தில் குவிக்காமல் சாலையின் ஒரே பக்கமாக இடைவெளி விட்டுப் போட வேண்டும். எல்லாரும் முதல் மேசையிலேயே மொய்ப்பார்கள் என்பதால், "முன்னாலும் தண்ணீர் இருக்கிறது" என்று உரக்கச் சொல்ல ஒருவர் தேவை. கீழே சிந்தும் தண்ணீர் தார்ச்சாலையில் கால்களை வழுக்கச் செய்யும். ஒரு துடைப்பம் கையருகே இருக்கட்டும்.

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்கள் தடை செய்யப்பட்டுள்ளன. உட்புறம் பிளாஸ்டிக் பூசிய காகிதக் கோப்பைகளும் தண்ணீர் பாக்கெட்டுகளும் அந்தத் தடையில் அடங்கும். எவர்சில்வர் டம்ளர்களை வாடகைக்கு எடுக்குமாறு அமைப்பாளர்களிடம் சொல்லுங்கள். பந்தயக்காரர்கள் ஓடியபடியே குடிப்பார்கள், பொது ஓட்டத்துக்கு வருபவர்களோ பெரும்பாலும் நின்று குடிப்பார்கள் என்பதால் எவர்சில்வர் இங்கே நன்றாகவே ஒத்துவரும். காலி டம்ளரைப் போடும் அன்னக்கூடையை மேசைக்குப் பக்கத்தில் வைக்காமல் இருபது முப்பது அடி தள்ளி வைத்தால், குடித்துக்கொண்டே நடப்பவர் அதைக் கடக்கும்போது போட்டுவிடுவார்.

ஓ.ஆர்.எஸ். கலக்கும் பொறுப்பும் உங்களிடம் வந்தால், பொட்டலத்தில் அச்சிட்டுள்ள அளவைப் படித்து, பெரிய பொட்டலத்தை ஒரு லிட்டர் தண்ணீரில் முழுவதுமாகக் கரையுங்கள். அரை ஜக்கில் கொட்டிக் கலக்குவது நன்மையைவிடத் தீமையே செய்யும். வேண்டாம் என்பவரை வற்புறுத்திக் குடிக்க வைக்கவும் வேண்டாம்.

இன்னொன்று, இது மலையில் மட்டும் தேவைப்படும் எச்சரிக்கை. வாழைப்பழச் சீப்புகளை மேசைமேல் அழகாகப் பரப்பிவிட்டு நீங்கள் திரும்புவதற்குள், வேனின் கூரையில் உட்கார்ந்து கவனித்துக்கொண்டிருந்த குரங்கு ஒரு சீப்பைத் தூக்கிக்கொண்டு போயிருக்கும். அதைத் துரத்தும் கலவரத்தில் அடுத்த சீப்பை அதன் உறவினர்கள் பார்த்துக்கொள்வார்கள். பழம் மூடியுள்ள கூடையில் இருக்கட்டும். தோலைப் போடும் தொட்டிக்கும் மூடி வேண்டும்.

என் மகள் பதினொன்றாம் வகுப்புப் படிக்கிறாள். இதே போன்ற ஓட்டத்துக்கு உதவப் பள்ளியிலிருந்து ஏற்காடு போக வேண்டும் என்கிறாள். அனுப்பலாமா?
(ஒரு தாய், அம்மாப்பேட்டை)

அனுப்பலாம் அம்மா, ஆனால் கேட்டுத் தெரிந்துகொண்டு அனுப்புங்கள். எந்த ஆசிரியர் உடன் செல்கிறார், என்ன வண்டி, எத்தனை மணிக்குத் திரும்புவார்கள், அவள் நிற்கும் இடத்துக்கு அருகில் கழிப்பறை உண்டா, அவளோடு இன்னொரு மாணவி நிற்பாளா என்ற கேள்விகளுக்குத் தெளிவான பதில் வராவிட்டால் தயங்காமல் மறுத்துவிடுங்கள். இருள் விலகாத நேரத்தில் ஒரு பெண்பிள்ளையைத் தனியாக ஒரு திருப்பத்தில் நிறுத்துவதை எந்த நல்ல நோக்கத்துக்காகவும் ஏற்க முடியாது. அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் இருப்பதால், வண்டியில் தலைசுற்றும் என்றால் வெறும் வயிற்றோடும் வயிறு நிறையவும் ஏற வேண்டாம். இரண்டு இட்லி போதும். ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்பதால் ஒரு ஸ்வெட்டரும் கொடுத்தனுப்புங்கள்.

சாலைத் திருப்பத்தில் கொடியோடு நிற்கச் சொல்லியிருக்கிறார்கள். வண்டிக்காரர்கள் சண்டைக்கு வந்தால் என்ன செய்வது?
(கல்லூரி மாணவர், கோரிமேடு)

வண்டிகளை நிறுத்துவது காவல்துறையின் வேலை. உங்கள் இடத்தில் காவலர் நிற்கிறாரா என்று அமைப்பாளரிடம் முன்கூட்டியே கேளுங்கள். இல்லையென்றால் அந்த இடத்தை ஏற்க வேண்டாம். வண்டிக்காரரின் கோபத்தில் பாதி நியாயமாகவும் இருக்கும். ஆறு மணிக்குத் தொடங்க வேண்டிய ஓட்டம், சிறப்பு விருந்தினர் வந்து, பொன்னாடை போர்த்தி, வாழ்த்துரை முடிந்து ஏழு மணிக்குத் தொடங்கினால், போக்குவரத்துக்கு ஒதுக்கிய நேரமும் காலைக் குளிர்ச்சியும் மேடையிலேயே செலவாகிவிடுகின்றன. அதற்கான வசவு மட்டும் கொடி பிடித்த மாணவருக்கு வந்து சேர்கிறது. பதில் பேசாமல், "ஐந்து நிமிடம் ஆகும், அந்த வழியாகப் போகலாம்" என்று மாற்று வழியைச் சொல்லிவிடுங்கள். அந்த வழி எது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

உங்கள் உண்மையான வேலை ஓடுபவர்களுக்கு வழி காட்டுவது. போகக் கூடாத பாதையின் வாயை அடைத்து நின்று, விரலால் அல்லாமல் முழுக் கையையும் நீட்டிக் காட்டுங்கள். மூடுபனி இருந்தால் பளிச்சென்ற மேலங்கி கட்டாயம். ஒருவர் தவறாகத் திரும்பினால் பின்னால் வருபவர்கள் ஆட்டு மந்தைபோல் அவரைத் தொடர்வார்கள் என்பதால், கைப்பேசி பைக்குள் இருக்கட்டும். நீண்ட நேரம் யாரும் வரவில்லை, முடிந்துவிட்டது என்று நினைத்துக் கிளம்புவதுதான் இந்த வேலையில் நடக்கும் பெரிய தவறு. கடைசி ஆளுக்குப் பின்னால் வரும் சைக்கிளோ வண்டியோ உங்களைக் கடக்கும் வரை நகராதீர்கள்.

எனக்கு முதலுதவி தெரியாது. யாராவது மயங்கி விழுந்தால்?
(மாணவி, ஆத்தூர்)

தெரியாமல் போவதைவிட, போவதற்கு முன் கற்றுக்கொள்ளலாம். பல கல்லூரிகளில் இளையோர் செஞ்சிலுவைச் சங்கத்தின் மூலம் பயிற்சி கிடைக்கும். முடிவுக் கோட்டைத் தாண்டியதும் திடீரென நின்றுவிடுபவருக்குக் கால்களில் ரத்தம் தேங்கித் தலைசுற்றுவது உண்டு. ஆகவே அங்கே நிற்பவர்கள், பதக்கம் வாங்கவும் படம் எடுக்கவும் கூட்டத்தை நிறுத்தாமல், சற்றுத் தூரம் மெல்ல நடக்க வைக்க வேண்டும். அப்படியும் மயங்கினால் படுக்க வைத்துக் கால்களைச் சற்று உயர்த்துங்கள். பெரும்பாலும் சில நிமிடங்களில் தெளிந்துவிடுவார்.

ஓடும்போதே தள்ளாடுகிறார், பெயரைக் கேட்டால் தொடர்பில்லாமல் பேசுகிறார் என்றால் அது வெப்பத் தாக்காக இருக்கலாம். நிழலுக்குக் கொண்டுபோய், உடலெங்கும் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள், உடனே 108-ஐ அழையுங்கள். கூப்பிட்டாலும் அசைவில்லை, சீரான மூச்சும் இல்லை என்றால் 108-ஐ அழைக்க ஒருவரை அனுப்பிவிட்டு, நெஞ்சின் நடுவில் இரு கைகளையும் வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, ஏறத்தாழ ஐந்து சென்டிமீட்டர் அமுங்கும்படி, உதவி வரும் வரை விடாமல் அழுத்த வேண்டும். பெரிய மருத்துவமனை அத்தனை வளைவுகளுக்கும் கீழே, சேலத்தில் இருக்கிறது. மலையில் முதல் நிமிடங்கள் பக்கத்தில் நிற்பவர் கையில்தான். நீங்கள் நிற்கும் இடத்தைத் தொலைபேசியில் எப்படிச் சொல்வது என்பதையும், அருகிலுள்ள கடையையோ பெயர்ப் பலகையையோ பார்த்து முன்பே குறித்துக்கொள்ளுங்கள்.

இந்த வேலை என்.எஸ்.எஸ். கணக்கில் சேருமா? உதவிக்கு வந்த நானும் ஓடலாமா?
(மாணவர், சூரமங்கலம்)

ஆண்டுக்கு 120 மணி நேரம், இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம் என்பது அத்திட்டத்தின் கணக்கு. இந்தக் காலைப் பொழுதை அதில் சேர்ப்பதை உங்கள் திட்ட அலுவலர்தான் முடிவு செய்வார், முன்பே கேட்டுவிடுங்கள். சான்றிதழுக்காக மட்டும் வருவதாக இருந்தால் வீட்டில் தூங்குவதே மேல், ஏனென்றால் அப்படி வந்தவர் ஏழரை மணிக்குக் காணாமல் போகும்போது அவருடைய திருப்பத்தில் ஆளில்லாமல் போகிறது.

ஓட வேண்டும் என்றால் சனிக்கிழமை நடக்கும் எண் அட்டை விநியோகத்தில் வேலை கேளுங்கள். ஒவ்வொரு அட்டையோடும் நான்கு ஊக்குகளைக் கொடுத்து, அட்டையை முதுகில் அல்லாமல் மார்பில் குத்தச் சொல்லி, அதன் பின்புறத்தில் ரத்த வகையையும் வீட்டாரின் தொலைபேசி எண்ணையும் அங்கேயே எழுத வைத்து அனுப்பினால், உங்கள் பங்கு சனிக்கிழமை மாலையோடு முடிந்துவிடும். ஞாயிறு காலையில் நீங்களும் ஓடலாம்.